கனமில்லாத லென்ஸ்

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். துணி கையில் கனத்தால்தான் தரம் என்பது என் எண்ணம். என் கண்புரைக்கு வைக்கப்போகும் லென்ஸின் மாதிரியை டாக்டர் என் உள்ளங்கையில் வைத்தபோது எடையே தெரியவில்லை. "இது தாங்காதுங்க" என்று ஆபரேஷனே வேண்டாமென வந்துவிட்டேன்.

மறுவாரம், நான் பாஸ் செய்த குழந்தைச் சட்டையில் ஒடிந்த ஊசிமுனை இருந்ததைப் பக்கத்து டேபிள் மேரி கண்டுபிடித்தாள். என் மங்கிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அன்றே டாக்டரிடம் ஓடினேன்.

"ஏனுங்க, கனமான லென்ஸ் இல்லீங்களா?"

"கண்ணுக்குள்ள அதைத் தாங்கறது மெல்லிசான ஒரு சவ்வுப் பைங்கம்மா. கனமா இருந்தா அதுக்குத்தான் பாரம். அதனாலதான் லேசான பொருள்ல, மெல்லிசாச் செய்யறாங்க. லென்ஸோட ரெண்டு பக்கமும் கை மாதிரி நீட்டியிருக்கற சின்னக் கம்பிகதான் அதைப் புடிச்சு நிறுத்தும்."

ஆபரேஷன் முடிந்து, இப்போது வலக்கண் பளிச்சென்று தெரிகிறது. இடக்கண்ணுக்கும் நானே தேதி வாங்கிவிட்டேன். அதுவரை, மேரியும் ஒருமுறை பார்க்காமல் எந்தக் குழந்தைச் சட்டையையும் நான் பாஸ் செய்வதில்லை.