பர்வீன் அக்காவின் ஊற்று

இன்று கொத்தனார் ஆற்றுமணலை நனைத்தபோது எழுந்த வாசனையில், இப்போது மணலே இல்லாத எங்கள் ஆம்பூர்ப் பாலாறு நினைவுக்கு வந்தது. தோல் பதனிடும் டேனரிக் கழிவால் கிணறுகள் கெட்டிருந்த என் சிறுவயதுக் கோடை ஒன்றில், ஆற்றுமணலில் வீட்டுக்கொரு குழி தோண்டி, ஊறும் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். எங்கள் குழி ஊறவில்லை. பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா நிறைகுடத்தோடு வீட்டுக்குப் போனபோது, அவள் குழியில் ஊறியதையெல்லாம் நான் மொண்டுகொண்டேன்.

திரும்பி வந்தவள் சேற்றைப் பார்த்தாள். "இன்னாடி, வத்திப்போச்சா?"

"ஆமாக்கா."

அதை நம்பி, இடுப்பிலிருந்த கைக்குழந்தையை மணலில் உட்காரவைத்துவிட்டு, தள்ளிப்போய்ப் புதிதாகத் தோண்டினாள். அது பொழுது சாயும்வரை ஊறவில்லை.

மறுநாள் முதல் அவள் விட்ட குழியில் நாங்கள் மொண்டோம்.

"உனக்கு மட்டும் ஊறுது பாரு. கைராசிடி" என்று அக்கா சிரித்தாள்.