சென்றிக்கு முந்திய நாற்பது அடி

சண்டைக் காலத்தில், நானாட்டான் அரசாங்கக் கந்தோரில் ஐந்து வருசம் ஒரே கதிரையில் இருந்து தட்டச்சு செய்தேன். சிறுவயதில் வந்த போலியோவால் என் இடது கால் சூம்பியிருந்தது. ஊர் ஊராய்ப் போய் நிவாரணக் குடும்பங்களைப் பதியும் வேலை காலியானபோது விண்ணப்பித்தேன். என் வேலையைவிட ஒரு படி உயர்ந்தது அது.

"பிள்ளை, நீங்கள் எப்பிடி ஊர் ஊரா நடப்பீங்கள்? இருந்த இடத்திலயே இருங்கோவன்," என்றார் மேலதிகாரி. அந்த இரக்கம்தான் எனக்கு எரிச்சல்.

"இஞ்ச ஆர் சேர் நடக்கினம்? பெற்றோல் இல்லாமல் நீங்களும் சைக்கிளிலதானே வாறீங்கள்?"

என் விண்ணப்பத்தை இழுத்தெடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

சைக்கிள் பெடலில் கட்டிய ரப்பர் ரியூப் வளையத்துக்குள் வலது காலை நுழைத்து, ஒற்றைக் காலால் மிதிப்பேன். வங்காலைப் பக்கம் உப்புக்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும். எது வானம், எது நீர் என்று பிரிக்க முடியாது. எனக்கு ஒரு கால் ஏலாது என்பதே அந்த வீதியில் மறந்துபோகும்.

ஆமியின் காவலரணான சென்றி வந்ததும் எல்லோரும் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஒற்றை வரிசை, முந்தக் கூடாது. நாற்பது அடி தூரம் ஹாண்டிலில் சாய்ந்து, காலை இழுத்து இழுத்துப் போவேன். பின்னால் மீன்பெட்டிக்காரர், நெல்மூட்டைக்காரர், வாத்திமார். ஒருநாள் மேலதிகாரியும் நின்றார். நல்ல கால் உள்ள அத்தனை பேரும், அந்த நாற்பது அடியும் என் நடையில்தான் வந்தார்கள்.