நீலக் கல்லில் ஒரு சொட்டு அமிலம்

பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அக்காவுக்குப் பாசிர் கூடாங் ரசாயன ஆலையில் பதினெட்டு வருட ஷிப்ட் வேலை. ஓய்வு நாள்களில் கல் அறுத்து, தேய்த்து, பதக்கம் செய்வார். இதுவரை எல்லாம் சொந்தக்காரர்களுக்குத்தான். முதல் வெளி ஆள் பிரவீனா, அழகு நிலையம் நடத்துபவர். அவர் கழுத்தில் பதக்கம் ஏறினால் ஊரே கேட்கும். போலி என்று சொல்லிவிட்டால் அக்காவின் பெயர் அன்றோடு போச்சு.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்கு வந்த பிரவீனா பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்ளோ நீலமா? சாயம் போட்டதாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த லேப்பிஸ் லசூலிக் கல்லைப் பெஷாவர் கடைத்தெருவில் வாங்கிச் சுமந்து வந்தவள் நான். ஆப்கான் மலைக்குள் சுண்ணாம்புப் பாறை சூட்டில் வெந்து பளிங்கானபோது பிறந்த கல்! வெள்ளைக் கோடு கால்சைட், பொன் புள்ளி பைரைட் என்று அடுக்கினேன். அவர் அசையவில்லை.

அக்கா நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது, சாயம் ஒட்டவில்லை. பிரவீனா விடவில்லை.

"சாயத்து மேல மெழுகு பூசிடுறாங்களாம்லா."

அக்கா விருட்டென்று எழுந்து, குளியலறை கழுவும் அமிலத்தை எடுத்து வந்தார். அதே கல்லை அறுத்து மிஞ்சிய துண்டில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தார்.

அழுகிய முட்டை நாற்றம்!

"கேஸ்! எல்லாரும் வெளிய!"

ஆலையில் அந்த நாற்றம் வந்தால் யோசிக்கக் கூடாது, ஓட வேண்டும். கொடியில் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, காற்று வரும் திசைக்கு எங்களை இழுத்துக்கொண்டு ஓடினார். தபால் பெட்டியருகே நிறுத்தித் தலை எண்ணினார்.

"ஒரு ஆள் குறையுது! ஏங்க!"

அவர் கணவர் காளியப்பன் சமையலறை ஜன்னல் வழியே கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "அலமாக்! நான் இன்னிக்கி முட்டையே அவிக்கல, புஷ்பா!"

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு குதித்தார்.

"கந்தகம்! கல்லுக்குள்ள கந்தகம் இருக்கு, அதான் நாறுது! அந்தக் கந்தகந்தான் அதுக்கு நீலமே குடுக்குது. சாயம் பூசின கல்லு இப்படி நாறாது, பிரவீனா!"

செருப்பில்லாமல் நின்ற பிரவீனா, மூச்சு வாங்கச் சிரித்தார். "இதே கல்லுல தோடும் வேணும்க்கா. இப்பவே அளவு எடுங்க." சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்.

அக்கா கையை நீட்டி மறித்தார்.

"நில்லு. உள்ள போலாம்னு நான் இன்னும் சொல்லல."