ஈட்டி எறியப் போன இரண்டு திங்கட்கிழமைகள்

எங்கள் ஊரில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் முதலில் என்னைத் தேடுவார்கள். பாசத்தில் அல்ல. நான் தெருவில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு படியிறங்குவதற்கு. மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவன் நான். அக்குளில் கட்டை ஊன்றி எதிரே வந்தேனோ, பெண் பார்க்கப் போகிறவர்கள்கூடத் திரும்பி உள்ளே போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். இந்த ஊரை வேளாவேளைக்குத் தண்ணீர் குடிக்க வைத்த புண்ணியம் என்னையே சேரும்.

கால் போனதே தவிர கை போகவில்லை. கதிர் முற்றும் நாட்களில் வயல் பரண்மேல் உட்கார்ந்து, கவணில் கல் வைத்துக் கிளி விரட்டுவது என் வேலை. அறுபதுகளில் ஒருமுறை, காலுக்கு இரும்புப் பட்டை போடப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என் தோளை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு மூங்கில் கழியைக் கொடுத்து எறியச் சொன்னார். எறிந்தேன். கழி காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

"எங்கேப்பா கத்துக்கிட்டே?" என்றார்.

"கிளிங்க கத்துக் குடுத்துச்சிங்க" என்றேன்.

கால் விளங்காதவர்களுக்கென்று வெளிநாட்டில் போட்டி நடக்கிறதாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஈட்டி எறியவேண்டுமாம். வரைபடத்தில் நம் தேசம் எவ்வளவு பெரியதாகவும் இருக்கட்டும், அந்த மைதானத்தில் அன்று அது சுண்டைக்காய் தேசம்தான். அனுப்பக்கூடிய ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவனாவதற்குப் பட்டணத்தில் தேர்வு. திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. அதற்கு உத்திரமேரூர்ச் சாலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஊருக்கே சொன்னாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் பஞ்சாயத்து பிரசிடெண்டு மாலையோடு வாசலில் நிற்கிறார். என்னைக் கண்டால் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பி நடக்கிற அதே மனிதர்! ஊர் மானம் கப்பல் ஏறக்கூடாதாம், அதனால் சகுனம் பார்த்து முறையாக வழியனுப்பவேண்டுமாம். நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி எனக்கு எதிரே வரவேண்டும். அந்தச் சுமங்கலி அவருடைய மருமகள். அவள் தலை குளித்து, முடி உலர்த்தி, பூ வைத்து, குடம் தூக்கி வந்து சேர்ந்தபோது மணி ஏழரை தாண்டிவிட்டது.

"அடடா, ராவு காலம் பொறந்துட்ச்சே" என்றார் பிரசிடெண்டு. "குந்து நைனா. ஒம்போதுக்கு மேல கெளம்பலாம்."

"பஸ்ஸு பூடும்ங்க. பதினோரு மணிக்கு நான் அங்க இருக்கணும்."

"பஸ்ஸு இன்னா, அடுத்தது வரும். நேரம் கெட்டா வருமா?"

அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பெரியவங்க சொல்றாங்க, கேளுடா." கழுத்தில் மாலையோடு, பலி கொடுக்க வைத்த ஆடு மாதிரி உட்கார்ந்தேன். சாலையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது காதில் விழுந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேனே, என்னைத்தான் முதலில் செருப்பால் அடிக்கவேண்டும்.

நான் பட்டணத்து மைதானம் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கோபத்தில் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஏன் லேட்டு?"

"நல்ல நேரம் பாத்துக்கினு இருந்தோம்" என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் ஈட்டிகளை எண்ணிக் கட்டி வைத்தார். பிறகு, "அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்க. அப்பவாவது பஸ் நேரத்தைப் பாத்து வா" என்றார்.

ஊருக்குத் திரும்பினேன். பிரசிடெண்டு நாலு பேர் நடுவில் தீர்ப்புச் சொன்னார்: "நாம சகுனம், நேரம் எல்லாம் பாத்துதான் அனுப்சோம். இன்னா பண்றது, அவன் காலே அவனுக்கு அபசகுனம்." எல்லாரும் ஆமாம் போட்டார்கள்.

அடுத்த வருஷமும் தேர்வு திங்கட்கிழமையே வந்தது. இம்முறை அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. கட்டைகளை ஊன்றிக்கொண்டு தெருவில் இறங்கினேன். ஏழு இருபத்தைந்து இருக்கும். பிரசிடெண்டு, வெளுத்த வேட்டியும் தோல் பையுமாக, ராகு காலத்துக்கு முன்னால் வாசல் தாண்டிவிடவேண்டும் என்ற அவசரத்தில் படியிறங்கினார். எதிரே நான்.

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "த்தூ, காலங்காத்தால!" என்று திரும்பி உள்ளே போனார். தண்ணீர் குடிக்கவேண்டும், சற்று உட்காரவேண்டும். அதற்குள் ஏழரை ஆகிவிடும். நான் பாட்டுக்கு நடந்தேன்.

நான் ஏறி உட்கார்ந்த பிறகும் பஸ் நகரவில்லை. கண்டக்டர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரசிடெண்டு வரேன்னு சொல்லி அனுப்ச்சாரே, கொஞ்சம் பாப்போம்."

"அவரு ஒம்போதுக்கு மேலதான் கெளம்புவாரு" என்றேன். "நீ ரைட் குடுப்பா."

பதினோரு மணிக்கு முன்பே மைதானத்தில் இருந்தேன். எறிந்தேன், எடுத்துக்கொண்டார்கள். கடல் தாண்டிப் போனேன். அங்கே என் ஈட்டி நான்காவதாகத்தான் விழுந்தது. பதக்கம் மூன்று பேருக்குத்தான். நான்காவது ஆளுக்குக் கை குலுக்கல்.

ஊர் திரும்பிய அன்று பஸ் நிற்குமிடத்தில் மாலையும் கையுமாக யார்? அவரேதான். "நாம அனுப்ச்ச புள்ள!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்த போட்டோக்காரர், "எதிரெதிரே நில்லுங்க" என்றார். நின்றோம். பிரசிடெண்டுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

மாலைக்குக் கழுத்தை நீட்டியபடி மெதுவாகக் கேட்டேன்: "தலைவரே, தண்ணி கொண்டாரச் சொல்லட்டுமா?"