இன்னாசி வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது

செவ்வாய்க்கிழமை காலை திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது இன்னாசியின் மனைவி ஸ்டெல்லா போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காபி கேட்டாரு. போட்டுக் கொண்டாந்து பாத்தா உயிரு இல்ல. நல்லாத்தாண்ணே இருந்தாரு." எங்கள் கல்லூரியில் உளவியல் நடத்திய இன்னாசி, தினமும் என்னோடு அந்த பஸ்ஸில் வருகிறவர். செய்தி எனக்கு உறைக்கவே வெகுநேரம் ஆனது.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நினைவிருக்கும். புயல் எச்சரிக்கை வந்த அன்று ஸ்டாஃப் ரூமில் பஜ்ஜி தின்றுகொண்டே, அது ஆந்திராவுக்குப் போய்விடும் என்று அடித்துச் சொன்னோம். அது கடலூரைப் புரட்டிப்போட்டது. மறுவாரம் ஆளாளுக்கு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றோம். இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தார். "எது, ஆந்திராவுக்குப் போவும்னா? நானுந்தான்யா சொன்னேன். நடந்து முடிஞ்சதும் மனசு பழசத் திருத்தி வச்சுக்குது. அது பொய்யுன்னு அதுக்கே தெரியாது." வகுப்பிலும் இதைத்தான் சொல்வார்.

அவர் வீட்டிலேயே அந்தத் திருத்தல் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர் ஒவ்வொருவரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்டாக வேண்டும், வீட்டுக்காரம்மா முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். நம் வழக்கம் அப்படி. கேட்டவர்கள் சும்மா போனார்களா? "போன வாரமே முகம் ஒரு மாதிரி இருந்துச்சு, நெனச்சேன்." "படியேற மூச்சு வாங்குச்சே, கவனிக்கலியாம்மா?" சே, என்ன ஜனங்கள்!

ஸ்டெல்லா சொல்லச் சொல்ல அந்தக் காலை மாறிக்கொண்டே போனது. முதலில் நன்றாக இருந்தவர், அடக்கத்தின் மறுநாள் ஸ்டெல்லா சொன்ன கதையில் வெளிறிப்போயிருந்தார். வாரக் கடைசியில் சொன்ன கதையில் அவருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது. "எனக்குத் தெரிஞ்சுதுண்ணே. தெரிஞ்சும் அடுப்படிக்குப் போயிட்டேன். நாந்தான் கொன்னுட்டேன்" என்றார். சாப்பாட்டைத் தொடுவதே இல்லை.

பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டேன். "இல்லம்மா. நல்லாத்தான் இருந்தாருன்னு அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க. வந்தவங்க பேசிப் பேசி ஒங்க மனசுல ஏத்திட்டாங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல. யாருக்குமே தெரியல."

ஸ்டெல்லா என்னையே பார்த்தார். "தெரிஞ்சு விட்டுட்டேன்னா என்னைய நானே திட்டிக்கிட்டாவது கெடப்பேன். ஒண்ணுமே தெரியாமத்தான் பக்கத்துல நின்னேன்னா, அத எப்படிண்ணே தாங்குறது?"

இன்னாசி, உம்மிடம் இதற்குப் பதில் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்று நானாகச் சொல்லிக்கொண்டால் நீரே சிரிப்பீர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதை மட்டும் உம்மிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். அதை வைத்துக்கொண்டு ஸ்டெல்லாவை எப்படிச் சாப்பிட வைப்பது என்றுதான் தெரியவில்லை.