இழைக்குக் காது குத்தியவள்

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறிப் புத்தூர் ஆய்வகத்துக்கு வேலைக்கு வரும் ஆனந்தவள்ளி, கணக்கில் இரண்டு முறை பெயிலானவள். யாரும் கேட்காமலேயே அதைச் சொல்லிவிடுவாள். ஆனால் பஞ்சிலிருந்து ஒற்றை இழையை உருவி, காஸ்டிக் சோடாக் கரைசலில் தொங்கவிட்டு, அது எவ்வளவு பருக்கிறது, எவ்வளவு நீளம் குறைகிறது என்று லென்ஸ் வழியே பார்த்து எழுத அவளை விட்டால் அங்கே ஆளில்லை. பதினோரு வருஷமாக அதுதான் வேலை.

இழை சுருண்டுகொள்ளாமல் நேராக நிற்க, அடிமுனையில் பொடிப் பாசிமணி ஒன்றைக் கட்டுவாள். மகள் அறுத்துப்போட்ட மாலையிலிருந்து எடுத்தது. புதிதாக ஆராய்ச்சிக்கு வந்த ஹரிஹரசுதன் முதல் நாளே சிரித்தான். “என்னக்கா, இழைக்குக் காது குத்தியாச்சா? கெடா விருந்து எப்போ?”

இன்று அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நானும் அளந்தேன். இழை பருக்குது, நீளம் குறையவே இல்ல. உங்க நோட்டுல முப்பது மில்லிமீட்டர் இருபத்தேழு ஆயிடுச்சுன்னு இருக்கு. நாலு மணிக்கு மேடம் அறிக்கையில கையெழுத்துப் போடுறாங்க. உங்க அளவெல்லாம் அதுலேருந்து எடுத்துடலாம்னு...”

எடுத்துடலாமாம், பல்லிடுக்கில் மாட்டிய முருங்கைக்காய் நார் மாதிரி! கண் கலங்கியது. ஜலதோஷம் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் தொங்கவிட்டிருந்த இழையைக் குனிந்து பார்த்தாள். நுனியில் பளபளவென்று ஒரு பேப்பர் கிளிப்.

“இத யாரு மாட்டுனது?”

“நான்தான். பாசிமணி பார்க்க ஒரு மாதிரி இருந்துச்சு.”

“ஏன் தம்பி, காது குத்துன பச்சப்புள்ளைக்கு இம்மாம்பெரிய ஜிமிக்கிய மாட்டுனா காது சுருங்குமா, தொங்குமா?”

அவன் கிளிப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தான்.

புது இழை, பழைய பாசி. துறைத்தலைவர் தஸ்லிமா மேடமும் பின்னால் வந்து நின்றுவிட்டார். முப்பதிலிருந்து இருபத்தொன்பது, இருபத்தெட்டு என்று பாசிமணி அவசரமே இல்லாமல் மேலே ஏறியது. ஓரிடத்தில் நின்றது.

“படிங்க தம்பி. நான் கணக்குல பெயிலு.”

“இருபத்தேழுக்கா,” என்றான்.

மேடம் அறிக்கையை வாங்கி, அளவெடுத்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்தார். “முழுப் பேரு சொல்லுங்க வள்ளி.”

“வெ. ஆனந்தவள்ளி, மேடம்.” தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். “ரெண்டும் குண்டு ள. ஒண்ணும் குறையக் கூடாது.”