வலியுல்லாவின் ஊமைச் சுவர்க்கோழிகள்

தேனாம்பேட்டைச் சந்து ஒன்றில் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் வலியுல்லாவுக்குச் சுவர்க்கோழி வளர்ப்பதுதான் தொழில். வாஸ்து மீனுக்கும் கூண்டுப் பறவைக்கும் உயிருள்ள தீனி கேட்கும் கடைகளுக்கு அவருடைய மொட்டைமாடிக் கொட்டகையிலிருந்துதான் பூச்சிகள் போகும். பாய்க்கு வீடா என்று முகம் சுளிக்காமல் வாடகைக்குக் கொடுத்த ஒரே மனுஷி, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா சண்முகவடிவு. அதனால் அவரிடம் வலியுல்லாவுக்கு நன்றியும் உண்டு, நடுக்கமும் உண்டு.

பொழுது சாய்ந்தால் போதும், ஆண்பூச்சிகள் இறக்கையை உரசிக் கச்சேரியைத் தொடங்கிவிடும். ஒருநாள் சண்முகவடிவு மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"இன்னா பாய், காது கிழியுது! இன்னொரு தபா சத்தம் கேட்டுச்சு, வூட்டைக் காலி பண்ணிடு. சொல்ட்டேன்."

இந்த வீடு போனால் வலியுல்லாவுக்கு இன்னொன்று கிடைப்பது சுலபமில்லை. அன்றிலிருந்து மாலையானால் டப்பாக்கள் முன் குந்திக்கொள்வார். எது இறக்கையைத் தூக்கிக் கத்துகிறதோ, அதையே முதலில் பிடித்துக் கடைக்கு அனுப்புவார். கத்தாதவை தங்கின. அவற்றின் குஞ்சுகளிலும் கத்தியவை போயின. சில தலைமுறையில் கொட்டகை கப்சிப். அதே பயத்தில் அவரும் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தும்மலைக்கூடத் துண்டுக்குள் புதைத்தார். கல்யாண வீடுகளில் பந்தியையே சிரிக்கவைத்த மனுஷர், சொந்த மனைவி கமர் ஜஹானிடம் சைகையில் டீ கேட்டார். அவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

பிறகுதான் வந்தது வினை. முட்டையிட வைத்த நார்த்தூள் தட்டுகளில் குஞ்சு பொரிவது குறைந்து, ஒரேயடியாக நின்றுபோனது. ஈரம் பார்த்தார், பல்பை மாற்றினார், கேரட் துருவிப் போட்டார். ஒன்றும் பலிக்கவில்லை. வெளியில் பூச்சி வாங்கி விடலாம் என்றால், முன்பு அப்படி வாங்கியதில் நோய் வந்து மொத்தமும் செத்திருந்தது. இருந்தவையும் கிழடாகிக்கொண்டிருந்தன. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கமர் ஜஹான் ஒரு டப்பாவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்பூச்சிகள் போய் இடித்தன. பெண்பூச்சிகள் ஒதுங்கி நடந்தன. இந்த இனத்தில் பெண்ணாக வந்து ஆணின்மேல் ஏறினால்தான் இணை சேரும்.

"வாயே தொறக்காததுகிட்ட எது வரும்?" என்றாள். "பாடுறதையெல்லாம் நீங்க பொறுக்கி அனுப்பிட்டீங்க. இதுங்க பாட்டைக் கேட்டுத்தானேங்க வரும்?" அவள் பார்வை பூச்சியை விட்டு அவர்மேல் வந்து நின்றது.

வலியுல்லாவுக்கு உறைத்தது. ஆண்களை மாற்றிவிட்டார், பெண்களின் காது பழைய காதாகவே இருந்தது. இனி பாடுகிற ஒன்றுக்கு எங்கே போவது? கிடைத்தாலும், அது பாடினால் வீடு போய்விடுமே!

மறுநாள் அந்தியில் படியில் செருப்புச் சத்தம். சண்முகவடிவுதான்.

"சொன்னேனா இல்லியா பாய்? தொவைக்கிற கல்லாண்ட ஒண்ணு கத்திக்கினே கீது. உன்னுதுதான்!"

எப்போதோ தப்பியோடியவற்றின் வாரிசு! வலியுல்லாவுக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. திட்டு வாங்கிக்கொண்டே கீழே இறங்கி, கல்லிடுக்கில் டம்ளரைக் கவிழ்த்து அதைப் பிடித்தார்.

"இத்தோட ஒயிஞ்சுதா?"

"ஒயிஞ்சுதும்மா" என்று முணுமுணுத்தார். வடிகட்டின பொய்.

டப்பாவில் விட்டதும் அது, பூச்சிகள் ஒளிய வைத்திருந்த கோழிமுட்டை அட்டைக்கடியில் பதுங்கிக்கொண்டது. பாடவில்லை. மிரண்டுவிட்டதா? பிடித்தபோது இறக்கை ஒடிந்ததா? சத்தத்துக்குப் பயந்தே நாளைக் கடத்தியவர், சத்தம் வராதா என்று டப்பாவில் காதை வைத்துக் காத்திருந்தார்.

கிர்ர்... கிர்ர்...

அட்டை மடிப்பிலிருந்து ஒரு பெண்பூச்சி தலையை நீட்டியது. தயங்கியது. பிறகு நேராக அந்தப் பாட்டை நோக்கி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"பாய்! மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று கீழேயிருந்து குரல்.

வலியுல்லாவின் கை டப்பாவை மூடப்போனது, பாதியில் நின்றது. எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போனார்.

"ஆமாம்மா, கத்துது! இன்னும் நெறைய கத்தும்! இதுங்க கத்துனாத்தான் எங்களுக்குச் சோறு. கொட்டகைக்குள்ள தெர்மாகோல் அடிக்கிறேன், கதவைச் சாத்தி வெக்கிறேன். வாயை மட்டும் என்னால கட்ட முடியாது!"

சந்து முழுக்கக் கேட்டிருக்கும். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வீடு போயிற்றா, இருக்கிறதா என்று தெரியவில்லை; ஆனாலும் டப்பாவை மூட அவர் திரும்பவில்லை.

கமர் ஜஹான் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி மொட்டைமாடிக்கு ஏறி வந்தாள். அவரை ஒட்டி நின்றாள்.